முதல்ல எர்த்தைப் பாரு

ஆனி பிறந்து மேற்கே மலை கறுத்துவிட்டால், அந்தக் காலத் தென்காசியில் குடை ரிப்பேர்காரருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் ஒரே நேரத்தில் வேலை பெருகும். குற்றாலச் சாரல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை கிடையாது. காற்றோடு வந்து கண்ணாடி ரப்பரின் இடுக்கிலும், பானெட்டின் ஓரத்திலும், காலடி மிதியடியின் கீழும் புகுந்து நாள் கணக்கில் தங்கிவிடும் ஈரம் அது. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிவந்த கார், ஐந்தருவிப் பக்கம் ஓர் இரவு நின்றால் காலையில் கிளம்பாது. நாலு பேர் தள்ளித் தென்காசிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெயில் முகம் காட்டிவிடும், வண்டியும் சாதுவாக ஸ்டார்ட் ஆகிவிடும். வயரிங் பழுதில் மனுஷனைச் சோதிக்கிற இடம் இதுதான். பழுது இருக்கிறது, பார்க்கிற நேரத்தில் இல்லை.

1980களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் ஓர் அம்பாசிடர் டாக்ஸி இருந்தது. மார்க் 2. அப்பாதான் ஓட்டினார். சீசன் மாதங்களில் சம்பாதிப்பதுதான் வருஷத்துக்கும். மற்ற நாட்களில் கல்யாணம், ஆஸ்பத்திரி, பண்பொழி திருமலைக் கோயில், எப்போதாவது திருவனந்தபுரம். சீசனில் ஒருநாள் வண்டி படுத்தால் அன்றைய வரும்படி போனதுதான். ஆகவே காரின் வயரிங் என்பது எங்கள் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். பள்ளிக்கூடம் விட்டதும் செங்கோட்டை ரோட்டில் இருந்த எலக்ட்ரிக் கடைக்குப் போய் உட்காருவேன். கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். சும்மா உட்கார்ந்திருக்கிற பையனை அவருக்குப் பிடிக்காது. ஒரு துண்டு உப்புத்தாளைக் கையில் கொடுத்து, பேட்டரி டெர்மினலைத் தேய்க்கச் சொல்லிவிட்டார். என் தொழில் வேறு பக்கம் போய்விட்டாலும், அந்தத் தேய்ப்பு என்னை விடவே இல்லை.

அப்போது அந்தக் கடை வாசலில் நின்ற வண்டிகளை இன்று ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கண்காட்சிக்குத்தான் போக வேண்டும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், அதாவது இங்கிலாந்து மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரீஸின் இந்தியப் பிறப்பு. பம்பாயில் பிரீமியர் செய்த ஃபியட். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மலையோரம் இருந்த பங்களாக்களின் ஷெட்டிலிருந்து எப்போதாவது ஒரு மாரிஸ் மைனர், ஓர் ஆஸ்டின். இவற்றில் ஃபியட் போக மற்றவற்றின் மின்சாமான்கள் பெரும்பாலும் லூகாஸ் வழி. பர்மிங்காமில் தொடங்கிய லூகாஸ், 1960களின் தொடக்கத்தில் டி.வி.எஸ்ஸோடு சேர்ந்து சென்னைப் பாடியில் தொழிற்சாலை போட்ட பிறகு டைனமோவும் ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இங்கேயே வந்தன. இங்கிலாந்துக்காரர்கள் லூகாஸை ‘இருட்டின் இளவரசன்’ என்று கேலி செய்வார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் கேலி தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டார். “சாமான் மேல பழி போடாத, அது ஒக்காந்திருக்கிற எடத்தப் பாரு” என்பது அவருடைய கட்சி. இத்தனை வருஷம் கழித்து நானும் அதே கட்சிதான்.

அவருடைய முதல் பாடம் எர்த். வீட்டு வயரிங்கில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி. பழைய காரில் பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போவது ஒரே கம்பி. திரும்பி வருவது வண்டியின் தகரம் வழியாக. பாடி, சேஸி, என்ஜின் எல்லாமே திரும்பும் பாதைதான். அப்படியானால் துருப்பிடித்த ஒவ்வொரு திருகாணியும் ஒரு வயரிங் பழுது. பின்விளக்கு எரியவில்லை என்றால் எல்லோரும் பல்பைக் கழற்றுவார்கள், பிறகு ஃபியூஸைப் பார்ப்பார்கள், அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு வயரை இழுப்பார்கள். அண்ணாச்சி நேரே பின்விளக்கின் திருகாணியில் போய் நிற்பார். “ஏல, வயரை அப்புறம் பாப்பம். முதல்ல எர்த்தைப் பாரு.” திருகாணியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுவார். பத்துக்கு ஆறு வண்டி அத்தோடு கிளம்பிவிடும்.

எர்த் கெட்டதற்குச் சில அறிகுறிகள் உண்டு. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாகக் கண் சிமிட்டும். பார்க்கிங் லைட்டைப் போட்டால் இண்டிகேட்டரின் வேகம் மாறும். ஒரு விளக்கை எரிய வைத்தால் சம்பந்தமில்லாத இன்னொரு விளக்கு பாதி வெளிச்சத்தில் எரியும். பார்ப்பவருக்குப் பேய் பிடித்தது மாதிரி இருக்கும். நடப்பது இவ்வளவுதான்: விளக்குக்கு வந்த மின்சாரத்துக்குத் திரும்பும் பாதை அடைபட்டிருக்கிறது, ஆகவே அது அதே கூண்டில் இருக்கும் அடுத்த பல்பின் இழை வழியாக வெளியேறப் பார்க்கிறது. இரண்டு பல்பும் அரைகுறையாக எரிகின்றன. இதைப் புரிந்துகொண்டவன் அறிகுறியைப் பார்த்ததுமே கை வைக்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவான்.

எர்த்துக்காகக் கார் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு கொல்லத்து வண்டியில் பார்த்தேன். ஆரியங்காவு வழியாகக் குடும்பத்தோடு அருவிக்கு வந்தவர்கள். செல்ஃபைப் போட்டால் என்ஜின் மெதுவாக முனகுகிறது, டேஷ்போர்டில் சோக் குமிழ் பக்கத்திலிருந்து புகை வருகிறது. வரும் வழியில் இரண்டு இடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள், இன்னோரிடத்தில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அண்ணாச்சி சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. உடனே வண்டிக்கு அடியில் படுத்தார். என்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் மின்சாரம் கடத்தாது. அதனால்தான் என்ஜினையும் பாடியையும் இணைக்க, பின்னலாக முறுக்கிய செம்புப் பட்டை ஒன்றைக் கம்பெனியிலேயே போட்டு அனுப்புகிறார்கள். யாரோ கிளட்ச் வேலைக்காகக் கியர்பாக்ஸை இறக்கியபோது அந்தப் பட்டையை மறுபடி மாட்டவில்லை. செல்ஃப் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். அத்தனையும் திரும்பி வர வேறு வழியில்லாமல் மெல்லிய சோக் கேபிளில் ஏறிவிட்டது. பட்டை மாட்டியதும் என்ஜின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மாற்றிய பேட்டரியும் கழற்றிய ஸ்டார்ட்டரும் குற்றமற்றவை.

சாரலின் சொந்தப் பழுது டிஸ்ட்ரிபியூட்டரில் வரும். காயிலிலிருந்து பல ஆயிரம் வோல்ட் வந்து, ரோட்டார் சுழன்று, நான்கு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் இடம் அதன் கறுப்பு மூடி. மூடிக்குள் ஈரம் படிந்தால் அந்த வோல்ட் பிளக்குக்குப் போகாமல் மூடியின் உள்சுவரில் ஊர்ந்து எர்த்துக்கு இறங்கிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் பலமுறை ஊர்ந்த இடத்தில் தலைமுடி கனத்தில் ஒரு கரிக்கோடு விழுந்திருக்கும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அதன் பிறகு எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். இந்தக் கோட்டைப் பகலில் பார்ப்பது கஷ்டம். அண்ணாச்சி இருட்டும் வரை காத்திருப்பார். என்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, கையில் தண்ணீர் எடுத்து மூடியின் பக்கம் லேசாகத் தெளிப்பார். நீல நிறத்தில் பொறி நெளிவது வெறுங்கண்ணுக்குத் தெரியும். கசியும் பிளக் வயரும் அப்படியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வண்டியைக் கொண்டுவந்தவர் “இப்ப நல்லா ஓடுது அண்ணாச்சி” என்று கிளம்பப் பார்த்தால், “அப்படின்னா நாளைக்குச் சாரல்ல நனைச்சுக் கொண்டாங்க, அப்பம் பாக்குதேன்” என்பார். பழுதை வரவழைக்காமல் பழுது பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கையே இல்லை.

சூட்டில் வரும் பழுது இதற்கு நேர் எதிர். புளியரை எஸ் வளைவு தாண்டி ஏற்றத்தில் வண்டி நின்றுபோகும், ஓரமாக நிறுத்தி அரைமணி ஆறவிட்டால் ஓடும். அது கண்டென்சர், அல்லது காயில். கண்டென்சர் போயிருந்தால் பிளாட்டினம் பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருக்கும். பாயிண்ட்டின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. ஃபீலர் கேஜ் இல்லாத டிரைவர்கள் போஸ்ட் கார்டை மடித்து வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதே வளைவில் தானாக ஹாரன் அடிக்கும் வண்டிகளும் வரும். ஹாரனுக்கு மின்சாரம் எப்போதும் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டியரிங் நடுவில் உள்ள பட்டன் அதை எர்த்தோடு சேர்த்துவைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. ஸ்டியரிங் குழாய்க்குள் ஓடும் வயரின் தோல் உரசித் தேய்ந்தால், சக்கரத்தைத் திருப்பும்போதெல்லாம் யாரும் அழுத்தாமலே ஹாரன் அலறும்.

எர்த்தில் இன்னொரு சிக்கலும் அந்தக் காலத்தில் இருந்தது. லூகாஸ் சாமான் போட்ட பிரிட்டிஷ் வண்டிகளில் 1930களின் நடுவிலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு இணைத்தார்கள். ஃபியட்டில் நெகட்டிவ். இரண்டு ஜாதியும் ஒரே நாளில் கடைக்கு வரும். பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட்டால் டைனமோவின் துருவம் மாறி, சார்ஜ் ஏறாது. டைனமோவின் எஃப் முனையில் வயரைக் கழற்றி, பேட்டரியின் உயிர்முனையிலிருந்து ஒரு வயரை அங்கே நாலு தடவை தொட்டுத் தொட்டு எடுத்தால் துருவம் சரியாகும். விளக்குக்கும் ஹாரனுக்கும் எந்தத் துருவமானாலும் கவலையில்லை. இன்று அதே பாசிட்டிவ் எர்த் வண்டியில் போன் சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கையும் யோசிக்காமல் மாட்டுகிறார்கள். அவற்றுக்குத் துருவம் உயிர். மாறினால் எரிந்துவிடும்.

வண்ணங்களை அண்ணாச்சி என்னை ஒப்பிக்கவைத்தார். பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு இருக்கும் வயர். வெள்ளை, சாவி போட்டால் உயிர் வரும் வயர். பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது: வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் மீட்டர். ஊதா, சாவி இல்லாமலே ஃபியூஸ் வழியாக வருவது: ஹாரன், உள்விளக்கு. நீலம் ஹெட்லைட். அதில் வெள்ளைக் கோடு ஓடினால் பிரைட், சிவப்புக் கோடு ஓடினால் டிம். முழுச் சிவப்பு பார்க்கிங்கும் பின்விளக்கும். கறுப்பு எர்த். இந்த ஒழுங்கு அம்பாசிடருக்கும் மாரிஸுக்கும் ஹெரால்டுக்கும் பொது. இதைத் தெரிந்தவனுக்கு வரைபடம் வேண்டாம், வண்டியே வரைபடம். பருத்தி நூல் சுற்றிய பழைய வயர்களில் நிறம் வெளுத்து எல்லாம் ஒரே மண்நிறமாகிவிடும். அப்போது கிளிப்புக்கு அடியிலோ, டேப் சுற்றிய இடத்திலோ பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சமும் தூசியும் படாத அந்த அரை அங்குலத்தில் நிறம் புதிதாக இருக்கும்.

கருவி என்று பார்த்தால் அவரிடம் இருந்தது டெஸ்ட் லாம்ப் ஒன்றுதான். 12 வோல்ட் பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், ஒன்றின் நுனியில் முதலைக் கிளிப், மற்றதில் கூர்மையான கம்பி. கிளிப்பை எர்த்தில் மாட்டி, கம்பியால் பேட்டரியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுக்கொண்டே போவார். எந்த இடம் வரை பல்பு பளிச்சென்று எரிகிறதோ அதுவரை வழி நன்றாக இருக்கிறது. மங்கும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில் பழுது. இரவோடு இரவாகப் பேட்டரி இறங்கும் வண்டியென்றால், எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே பல்பை மாட்டுவார். எரிந்தால் எங்கோ கசிவு. ஃபியூஸை உருவிப் பார்ப்பார். அணைந்தால் அந்த வரிசையில் தேட வேண்டும். அணையாவிட்டால் ஃபியூஸ் இல்லாத வரிசையில். அம்பாசிடரில் ஃபியூஸே இரண்டுதான். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் ஃபியூஸ் கிடையாது. அந்த வயர்கள் எர்த்தில் பட்டால் வண்டியின் மொத்த வயர்க்கட்டும், அதாவது ஹார்னஸே எரியும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி ஃபியூஸுக்குப் பதில் வைக்கும் டிரைவர்களை அவர் திட்டாத திட்டு இல்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் போன் உறைகள் தொங்குகின்றன. தென்காசி 2019 நவம்பர் 22இலிருந்து தனி மாவட்டம். உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தி நின்றது. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிக்கு இப்போது மரியாதை கூடிவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்கிறார்கள், அருவிப் பக்கம் நிறுத்தினால் கூட நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் மரியாதை பெயிண்ட்டோடு நின்றுவிடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் தலையை விடுவதில்லை.

போன சீசனில் தென்காசிக்காரர் ஒருவர், வெளிநாட்டு வேலை முடித்து ஊர் திரும்பியவர், தன் மார்க் 2 அம்பாசிடரைப் பார்க்கச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் அழகு. வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் தகரம் வரை சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்து, குரோமியம் ஏற்றியிருந்தார்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர். பழைய ஹார்னஸை முழுக்கக் கழற்றி எறிந்துவிட்டுப் புது வயர். எல்லாமே கறுப்பும் சிவப்பும்! ஒரு ஹெட்லைட் மஞ்சளாக முனங்கியது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் சிமிட்டியது. இரண்டு இரவு நிறுத்தினால் பேட்டரி காலி. அவரோடு ஒரு தம்பி வந்திருந்தான், ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் கருவியை மாட்டிப் பழுதைப் படிப்பதில் கெட்டிக்காரன். தப்பாகச் சொல்லக் கூடாது, கை சுத்தமான பையன்.

மங்கும் ஹெட்லைட்டின் ஹோல்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். 12.4 காட்டியது. “சப்ளை ஃபுல்லா இருக்கு சார். எர்த்தும் பார்த்துட்டேன், ஓகே. பல்புதான்.” புதுப் பல்பு மாட்டினான். அதுவும் மஞ்சள். மூன்றாவது பல்பைத் தேடப் போனவனிடம் என் பழைய டெஸ்ட் லாம்ப்பைக் கொடுத்து, அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். லாம்ப் அரைகுறையாகத்தான் எரிந்தது. லாம்ப்பை எடுக்காமலே மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். 12.4 இருந்த இடத்தில் 6 கூட இல்லை. பையன் முகம் மாறியது. “எப்படி சார்?”

டிஜிட்டல் மீட்டர் தனக்கென்று மின்சாரம் கிட்டத்தட்ட எடுத்துக்கொள்வதே இல்லை. இருபது இழை உள்ள வயரில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். மூடிய குழாயில் அழுத்தம் முழுசாக இருக்கும், திறந்து வாளியை வைத்தால்தான் அடைப்பு தெரியும். டெஸ்ட் லாம்ப் அந்த வாளி. விளக்கு கேட்கும் மின்சாரத்தைத் தானும் கேட்கிறது, வழியில் இருக்கும் குறையை அதனால் மறைக்க முடியாது. மீட்டரை நான் குறை சொல்லவில்லை. எர்த்தை அளக்க அதைவிட நல்ல கருவி கிடையாது: ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையில் வை, மறுமுனையை என்ஜினில் வை, செல்ஃபை அடி. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் குறை. சுமை இருக்கும்போது அளக்கிற மீட்டர் உண்மை பேசும். இதை அந்தத் தம்பிக்குச் சொல்லித்தர யாரும் இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம். அவன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். கிரில்லுக்குப் பின்னால் இருந்த புல்லட் கனெக்டர் வரை தானே வந்து, அதைப் பிடுங்கிக் காட்டினான். உள்ளே பச்சைக் களிம்பு. வயரை அழுத்திப் பிடிக்க வேண்டிய இடத்தில் நாலைந்து இழை மட்டும்.

பின்விளக்குக்கு வந்தோம். அண்ணாச்சி காலத்தில் எர்த்தைக் கெடுத்தது துரு. இந்த வண்டியில் பேருக்குக்கூடத் துரு இல்லை. விளக்கின் அடித்தட்டுக்கும் பாடிக்கும் நடுவே கெட்டியாக நாலு பூச்சுப் பெயிண்ட் உட்கார்ந்திருந்தது. பெயிண்ட்டும் மின்சாரம் கடத்தாது. வண்டியை எவ்வளவு அழகாகப் புதுப்பிக்கிறோமோ அவ்வளவு எர்த் போய்விடுகிறது. பழைய கார்களைப் புதுப்பிக்கும் இடங்களில் இன்று அதிகமாக வரும் வயரிங் பழுது இதுதான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். உரிமையாளர் பெயிண்ட்டைச் சுரண்ட முதலில் சம்மதிக்கவில்லை. விளக்கு மூடும் இடத்துக்குள்ளே, வெளியில் தெரியாத அளவுக்கு மட்டும் சுரண்டி, பல் வாஷர் போட்டு, வாஸ்லின் தடவினோம். இண்டிகேட்டரின் சிமிட்டல் அத்தோடு நின்றது.

பேட்டரி இறங்குவதற்குப் பல்பை நடுவில் மாட்டினோம். எரிந்தது. இரண்டு ஃபியூஸையும் உருவினோம். இன்னும் எரிந்தது. ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றியதும் அணைந்தது. உள்ளே டயோடு போயிருந்தது. டைனமோ காலத்தில் இந்தக் காவல் வேலையைச் செய்தது கட்அவுட். டைனமோ ஓடாதபோது பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கிப் போகாமல் அது தொடர்பை அறுத்துவிடும். அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் இதே மாதிரி பேட்டரி காலியாகும். அண்ணாச்சி மூடியைத் திறந்து, பாயிண்ட்டைப் பிரித்து, தேய்த்து, ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். டயோடு தேய்ப்புக்கு மசியாது, மாற்ற வேண்டும். சாரலில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு மலையேறும்போது, 20 ஆம்பியர் சுமாருக்கு மேல் தர முடியாத டைனமோ மெதுவேகத்தில் திணறும் என்பது உண்மை. ஆம்பியர் மீட்டரின் முள் மைனஸ் பக்கம் சாய்வதைப் பார்த்துக்கொண்டே அப்பா ஓட்டுவார். ஆகவே ஆல்டர்னேட்டர் போடுவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அது தரும் கூடுதல் ஆம்பியருக்குத் தகுந்தாற்போல் பிரவுன் வயரைத் தடிமனாக்க வேண்டும், பழைய ஆம்பியர் மீட்டர் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டையும் செய்யவில்லை. இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. மாட்டியிருந்தார்கள், அதனால் பழைய ஃபிளாஷர் விட்டு விட்டு எரிய மறுத்தது. அந்த ஃபிளாஷர் 21 வாட் பல்புகள் இழுக்கும் மின்சாரத்தின் சூட்டில் வேலை செய்வது. பழைய பல்பைத் திருப்பி மாட்டினோம், வேலை முடிந்தது.

எல்லாவற்றையும்விட எங்களை அலைக்கழித்தது அந்தக் கறுப்பு சிவப்பு வயர்கள்தான். நிறம் இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். எது எங்கே போகிறது என்பதை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, இரண்டு முனையிலும் நிற டேப் சுற்றி எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. 50 வயது கடந்த வண்டிகளுக்கென்று ஒன்றிய அரசு 2021இல் தனி விதிகள் கொண்டுவந்தது. ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலோ பாடியிலோ என்ஜினிலோ மாற்றம் கூடாது என்கிறது விதி. வயரிங்கைப் பற்றிப் பேச்சு இல்லை. கண்ணுக்குத் தெரியாததால் அதை அசலின் ஒரு பகுதியாக யாரும் நினைக்கவில்லை போலும். கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் உள்ள ஜீடி கார் மியூசியத்துக்கு 2015இல் திறந்ததிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். நல்ல காரியம். அந்தப் பிள்ளைகளில் ஒருவனாவது பானெட்டுக்குள் ஓடும் பச்சை வயரைக் காட்டி, இது எங்கே போகிறது என்று கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது சில காரியங்கள்தான். ஹார்னஸை மாற்றியே ஆக வேண்டுமென்றால், அசல் நிறத்தில், அசல் தடிமனில் கட்டச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும், கொடுங்கள். ஹெட்லைட் வரிசையில் ஒரு ஃபியூஸ் சேர்த்துவிடுங்கள். அதனால் வண்டியின் அசல்தன்மை கெடாது, எரியாமல் இருக்கும். உங்கள் ஊரில் டைனமோ காலத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தால், கண் மங்கிவிட்டது என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஐ.டி.ஐ. படித்த தம்பி ஒருவனை அவர் சொல்லச் சொல்லக் கை வைக்க விடுங்கள். கழற்றிய பழைய ஹார்னஸைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்த வயர் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் கிளை பிரிகிறது, எந்த நிறம் எந்த முனைக்குப் போகிறது என்ற அளவெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் பலகையில் விரித்து ஆணி அடித்து, அதன் மேலேயே புதியதைக் கட்டலாம். வேலை முடிந்ததும் முனை முனையாகச் சீட்டுக் கட்டி, ஒரு சாக்கில் போட்டு வண்டி ஷெட்டின் பரணில் வையுங்கள். அடுத்த சாரலுக்கு வண்டி நிற்கும்போது, அதை எடுத்துப் பார்க்க ஒருவன் வருவான்.